தப்பு லைப்ரரில கீது

அவன் வாழ்க்கையில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. இது என் கருத்தல்ல, அவனே சொன்னது. ஒரே அலுவலகத்தில் நாங்கள் வேலை பார்த்த ஐந்து வருடமும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லியிருப்பான். பெயர் வேண்டாம். எழுதினால் அதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று கிளம்பி வருவான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கப்பலுக்கு வேண்டிய கயிறும் கொக்கியும் சங்கிலியும் விற்கும் ஒரு கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. கடையும் கம்பெனியும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரே குடும்பத்துடையவை. அப்பா கீழே கயிறு விற்றார். மகன் மேலே சாஃப்ட்வேர் விற்றார். இருவருமே எங்களுக்கு அண்ணாச்சிதான் என்பதால் கீழ் அண்ணாச்சி, மேல் அண்ணாச்சி என்று மாடியை வைத்துப் பிரித்துக்கொண்டோம். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு வாசல்களில் லாரியை ஏற்றி நிறுத்தி எடை போடும் மேடை இருக்குமல்லவா? அந்த எடையை வாங்கிச் சீட்டு அடித்துக் கொடுக்கும் புரோகிராம் எங்களுடையது. அதை எழுதுகிறவன் அவன். நான் டெஸ்டர். அதாவது, அவன் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். தப்பே செய்யாதவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த வேலை.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவான். ஒரு நாள் ராயபுரத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்த மீன்பாடி வண்டியில் போய் மோதினான். வண்டிக்காரர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தவனிடம் எப்படி ஆயிற்று என்று கேட்டேன். வண்டி ராங் சைடில் நின்றது என்றான். நிற்கிற வண்டிக்கு ஏது ராங் சைடு என்றேன். அதைத்தான் வண்டிக்காரனும் கேட்டான், அவனுக்கும் உன்னை மாதிரி டிராஃபிக் ரூல்ஸ் தெரியவில்லை என்றான்.

என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். எம்.கே.பி. நகரில் எங்கள் தெரு முனையிலேயே மண்டபம். அலுவலகத்தில் எல்லோரும் வந்தார்கள், அவன் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பரிசுப் பொட்டலமுமாகப் பூட்டிய மண்டபத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். திங்கட்கிழமை வந்து என்னைத்தான் திட்டினான். பத்திரிகையில் தேதி சிவப்பு எழுத்தில் கொட்டையாக இருந்தது. எடுத்துக் காட்டினேன். "செவப்புல போட்டா எவன் யக்கா படிப்பான்? செவப்புன்னா லீவுன்னு நெனச்சிகினேன்," என்றான். பரிசுப் பொட்டலத்தை மட்டும் குற்றம் சொல்லாமல் கொடுத்தான். உள்ளே இருந்த கவுன் என் மகளுக்கு இரண்டு வயது சின்னது. குழந்தைதான் அவசரப்பட்டு வளர்ந்துவிட்டதாம்.

இதெல்லாம் வெளி உலகம். வேலையில் அவனுக்கு வேறொரு எதிரி இருந்தது.

புரோகிராமர் எழுதுவதை, அதற்குக் கோடு என்று பெயர், அப்படியே மிஷின் புரிந்துகொள்ளாது. கம்பைலர் என்ற ஒன்று அதைப் படித்து, மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரவேண்டும். எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அது நின்றுவிடும். இன்ன வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் நகராது. அப்புறம், ஒவ்வொரு கணினி மொழியோடும் லைப்ரரி என்று ஒரு மூட்டை வரும். தேதி பார்க்க, கணக்குப் போட, பெயர்களை வரிசைப்படுத்த என்று எல்லோருக்கும் பொதுவான வேலைகளைப் பெரிய ஆட்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். பாக்கெட் மசாலா மாதிரி, பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யாரும் தானே அரைப்பதில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் பிரித்துப் போடுகிற பாக்கெட் என்பதால், குழம்பு கெட்டால் அதை யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

அவன் மட்டும் சந்தேகப்பட்டான். சந்தேகம்கூட இல்லை, தீர்மானம். நான் எந்தத் தப்பைக் கொண்டுபோய் நீட்டினாலும் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நம்ம கோடுல இன்னா கீது? தப்பு லைப்ரரில கீது," என்பான். நான் எழுந்து டீ குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். விட்டுப்போன கமா அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கேட்டால், லைப்ரரியைக் கொஞ்சம் மிரட்டி வைத்தேன் என்பான். எங்கள் அலுவலகத்தில் ஃபேன் ஓடாவிட்டாலும், லிஃப்ட் நின்றாலும், மேல் அண்ணாச்சியின் மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாலும் லைப்ரரியில்தான் தப்பு என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் கிண்டல் அவனுக்குக் கேட்கும். கண்டுகொள்ள மாட்டான். எங்களுக்கு விவரம் போதாது என்பது அவன் முடிவு.

இப்படி இருக்கும்போது ஒரு யார்டில் பாதுகாப்புக்காக எல்லா மிஷின்களின் சிஸ்டத்தையும் புதிதாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. வாசலில் எடை வாங்கும் சின்னக் கணினிப் பெட்டி மட்டும் மிகப் பழைய வகை. அதற்கும் புதிய சிஸ்டம் ஏற்றினார்கள். எங்கள் புரோகிராமை அதற்காகத் திரும்பக் கம்பைல் பண்ண வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை அவன் உட்கார்ந்து கம்பைல் கொடுத்தான். கம்பைலர் எர்ரர் சொல்லி நின்றுவிட்டது. அவன் அதைப் படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக இன்னொரு தடவையும் படித்தான். பிறகு வழக்கப்படி சொன்னான், தப்பு லைப்ரரியில் இருக்கிறது.

அலுவலகத்தில் இருந்த ஆறு பேரும் சிரித்தோம். மேல் அண்ணாச்சியும் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானம் சிரிப்பு நின்றது. யார்டு வாசலில் சீட்டு அடிக்க முடியாமல் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, வரிசையின் வால் எர்ணாவூரைத் தொட்டுவிட்டது. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். யார்டு மேனேஜர் மணிக்கு ஒரு தடவை போன் பண்ணினார். அண்ணாச்சி அவனிடம் வந்து, கோடைத் திரும்ப ஒரு தடவை பார் என்றார். பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்றான். நான் என் பங்குக்கு அவன் கோடை அச்சடித்து, சந்தேகமான இருபது இடங்களைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு அவன் மேசையில் வைத்தேன். அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனது. சாயங்காலம் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அவனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, வேலையை என்னிடம் கொடுத்தார்.

புதன்கிழமை காலையில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அவன் எழுதியதில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது, கம்பைல் கொடுப்பது, எர்ரர் போகிறதா என்று பார்ப்பது. சீட்டு அடிக்கிற பகுதியை வெட்டினேன், போகவில்லை. எடை வாங்குகிற பகுதியை வெட்டினேன், அப்போதும் போகவில்லை. பத்து மணிக்குப் பாதிக் கோடு இல்லை. பதினொன்றரைக்கு அவன் எழுதியது என்று சொல்ல எதுவுமே மிச்சம் இல்லை. மூன்றே வரி. நேரம் பார்க்கிற லைப்ரரியைக் கொண்டு வா, ஆரம்பி, முடி. சின்னக் குழந்தை எழுதினாலும் தப்பு வராத மூன்று வரி. கம்பைல் கொடுத்தேன். அதே எர்ரர்.

நான் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்தேன். அது முடிந்ததும் இன்னொன்று சொன்னேன். முதல் டீ லைப்ரரியில் தப்பு இருப்பதற்கு, இரண்டாவது டீ அதை அவனிடம் போய்ச் சொல்ல வேண்டியிருப்பதற்கு.

சொன்னேன். அந்த ஒரு மணி நேரம் அவன் ஆடிய ஆட்டத்தை எழுத எனக்கு மனமில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னான். கீழே போய்க் கயிறு வாங்க வந்தவர்களிடமும் சொன்னான். மனைவிக்குப் போன் போட்டு, லைப்ரரியிலேயே தப்பாம், டெஸ்டர் யக்காவே ஒத்துக்கொண்டது என்றான். அந்த அம்மா அசரவில்லை. வரும்போது பாப்பாவுக்கு இருமல் மருந்து வாங்கி வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் வேலையையும் செய்தான், அதைச் சொல்ல வேண்டும். அந்த லைப்ரரியை எழுதிய பெரிய ஆட்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அதை வாங்கிச் சிஸ்டத்தோடு சேர்த்து மூட்டை கட்டித் தருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கட்டும்போது தங்கள் பங்குக்கு ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார்கள். அதனால் ஒரே பெயரில் ஒரே வேலை இரண்டு தடவை எழுதப்பட்டுவிட்டது. புது வகை மிஷின்களில் ஒன்று மறைந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது. எங்கள் வாசல் பெட்டி மாதிரிப் பழைய வகையில் இரண்டும் தெரியும். ஒரே ரேஷன் கார்டில் ஒரே ஆளின் பெயர் இரண்டு தடவை இருந்த மாதிரி கம்பைலர் குழம்பி நின்றுவிடும். அசல் லைப்ரரியையும் மூட்டையில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரையில் விரலை ஓட்டி ஓட்டி வரி வரியாகப் படித்து இதைக் கண்டுபிடித்தான். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டுக் கம்பைல் கொடுத்தான். ஓடிற்று. அன்று மூன்று மணிக்கு யார்டு வாசலில் முதல் சீட்டு அடித்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவன் வெறும் கோமாளியாகவே என் நினைவில் நின்றிருப்பான்.

வியாழக்கிழமை யார்டிலிருந்து கடிதம் கேட்டார்கள். இரண்டரை நாள் வாசல் அடைபட்டதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். அண்ணாச்சி தானே ஒன்று தயார் பண்ணினார். எங்கள் புரோகிராமரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம், அடியில் புரோகிராமர் கையெழுத்து. அவனைக் கூப்பிட்டு நீட்டினார். நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன்.

லைப்ரரியில் தப்பு என்று எழுதினால் யார்டுக்காரன் நம்பமாட்டான், சாக்கு சொல்கிறோம் என்று நினைப்பான், காண்ட்ராக்ட் போய்விடும் என்று அண்ணாச்சி பொறுமையாகத்தான் விளக்கினார். "ஒரு கையெழுத்துதானடே. போட்டுட்டு சோலியப் பாரு."

அவன் காகிதத்தைத் தொடவில்லை. மாட்டேன் என்றான். அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. அப்படியானால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்குச் சின்னக் குழந்தை, மனைவிக்கு வேலை இல்லை. நானும் சொன்னேன், போட்டுவிட்டுப் போயேன், காகிதம்தானே என்று.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீதான பாத்த? மூணு லைன். நீதான வெட்டி வெட்டிப் பாத்த."

பார்த்தேன் என்றேன். 

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். ஐந்து வருடத்தில் அது ஒரு தடவைதான். துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் மூட்டை இறக்கும் வேலை. கயிறு அறுந்து ஒரு பெட்டி விழுந்தது. கயிறு நைந்துபோனது எல்லோருக்கும் தெரியும். சும்மா ஒரு பேப்பர், போட்டுவிட்டு நாளைக்கு வேலைக்கு வா என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். மறுநாள் கேட்டில், தப்பு அவர்மேல்தான் என்று எழுதியிருந்த அந்தப் பேப்பரைக் காட்டி, உள்ளே போகும் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். "எங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாது யக்கா. கையெழுத்து மட்டும் சோக்கா போடுவாரு," என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை, நக்கலாகத்தான் சொன்னான். 

பிறகு ஒரு யோசனை சொன்னான். மூட்டை கட்டினவனே தன் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் அண்ணாச்சி என்ன செய்வார்? உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிறவன், சம்பளம் வாங்காமல் ஆர்வத்துக்குச் செய்கிறவன், நமக்கு எதற்குப் பதில் எழுதப்போகிறான் என்று நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்தோம். தப்புகளைத் தெரிவிப்பதற்கென்றே அவர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. நீங்களெல்லாம் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறீர்களா என்பது அவன் சொன்ன முதல் வாக்கியம். நான் அதை வணக்கம் என்று மொழிபெயர்த்தேன். சிறு பிழை இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதினேன். "தோணுதுன்னு இன்னாத்துக்கு? கீதுன்னு போடு," என்றான். கீது என்றே போட்டேன். அவன் செய்த திருத்தத்தையும் சேர்த்து, அவன் பெயரில் அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் வரவில்லை. அவன் மேசையைத் துடைத்து, இழுப்பறையில் இருந்த தன் சாமான்களைப் பைக்குள் போட்டுவைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. எங்கள் இருவராலும் உச்சரிக்க முடியாத ஒரு பெயர். நீங்கள் சொல்வது சரி, அந்த மாற்றத்தைச் செய்தது நான்தான், தப்பு என்னுடையது, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும், உங்கள் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன், நன்றி. அவ்வளவுதான். அவன் மூன்று தடவை படித்தான். குதிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டான். "ஒத்துகினானே, இவன வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்களா?"

அவருக்கு இதற்குச் சம்பளமே கிடையாது, எங்கிருந்து தூக்குவது என்றேன். "அதான பாத்தேன்," என்றான்.

அண்ணாச்சி அந்தப் பதிலை அச்சடித்து யார்டுக்கு எடுத்துப்போனார். வெளிநாட்டுக் கடிதம் என்றதும் அங்கே யாரும் படிக்காமலே ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் பேச்சு அதோடு போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை அவன் அந்தப் பதிலை லேமினேட் செய்து தன் தலைக்கு மேலே சுவரில் மாட்டினான். அதிலிருந்து மூன்று வாரம் எங்களுக்கு நரகம். நான் எந்தத் தப்பைக் காட்டினாலும் பேசுவதில்லை, கட்டைவிரலைத் தலைக்கு மேலே காட்டுவான். விட்டுப்போன கமாக்கள் வழக்கம்போல நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாலாவது வாரம் அது சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்றான். யாரும் அடிக்கவில்லை. அந்த வாரம்தான் என் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டு, கப்பை அங்கே வைத்தது யார் என்று என்னையே விசாரித்தான்.

அந்த வருடக் கடைசியில் நகரத்தின் அடுத்த கோடியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான்.

போன மாதம் அதே பெட்டிக்கு மறுபடியும் சிஸ்டம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு விவரத்துக்காக நாங்கள் எழுதின அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அவனுக்கு வந்த நன்றிக் கடிதத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். கீழே இன்னும் இருந்தது. மூன்று வாரம் கழித்து வேறொருவர் எழுதியிருக்கிறார். ஏதோ ஒரு தீவில் கடல் மட்டம் அளக்கிற பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய பெட்டி இன்னொரு பழைய வகை. இந்தத் திருத்தம் வந்த பிறகு அதில் எதுவுமே கம்பைல் ஆகவில்லை, இரண்டு நாள் வீணாகிவிட்டது என்று எழுதியிருந்தார். இரண்டில் தப்பான ஒன்றை அவன் எடுத்திருக்கிறான்.

அதற்குக் கீழே அவனுடைய பதில். நான் திருத்திக் கொடுக்காத, அவன் சொந்த இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும்: தப்பு என்னுடையது. வேறு யாருடையதும் இல்லை. என்னிடம் இருந்த ஒரு மிஷினில் மட்டும் போட்டுப் பார்த்தேன். உங்கள் இரண்டு நாளுக்கு மன்னிப்பு கேட்கிறேன். புதுத் திருத்தம் இத்துடன். நாலு வகை மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான் என்று தீவுக்காரர் எழுதியிருந்தார். அதற்கும் ஒரு வரி பதில் போட்டிருந்தான். எல்லோருக்கும் நடக்கும், ஆனால் இதை நான் செய்தேன்.

அவனுக்குப் போன் பண்ணினேன். பக்கத்தைப் பார்த்தேன், நீ எழுதியதைப் படித்தேன் என்றேன்.

"அது நா இல்ல யக்கா," என்றான் உடனே.

உன் பெயர் போட்டிருக்கிறதே என்றேன். அந்தப் பெயரில் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றான். எழுதிய தேதியில் நாம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம் என்றேன். அப்படியானால் நீதான் எழுதியிருப்பாய் என்றான். நான் விட்டுவிட்டேன். சொல்ல நினைத்தது வேறு. அன்றைக்கு அண்ணாச்சி அறையில், போட்டுவிட்டுப் போயேன், காகிதம்தானே என்று சொன்னேன் அல்லவா, அது என் தப்பு என்றேன். மூன்று வரியையும் பார்த்தவள் நான், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.



"இன்னா யக்கா, லைன் சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

லைன் நன்றாகத்தான் இருந்தது. அவன் வீட்டுக் குக்கர் விசில்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன்.